‘அரிது’ என்று எழுதி மூடிய நோய்

2009ஆம் ஆண்டு. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ராச்செஸ்டர் என்ற ஊர். மேயோ கிளினிக் இருப்பதால் உலகுக்குத் தெரிந்த ஊர். இதயநோய் வந்து பிழைத்த பெண்களுக்காக இயங்கும் ‘விமன்ஹார்ட்’ அமைப்பு அங்கே ஒரு பயிற்சி முகாம் நடத்தியது. முகாமுக்கு வந்திருந்த கேத்தரின் லியோன், மேயோவின் இதயநோய் மருத்துவர் ஷரோன் ஹேஸிடம் போய் ஒரு கோரிக்கை வைத்தார். எனக்கு வந்த இந்த நோயை நீங்கள் ஆராய வேண்டும் என்பதுதான் அது.

லியோனுக்கு மாரடைப்பு வந்தது 2003இல். அப்போது வயது 38. இரண்டாவது குழந்தை பிறந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. பைபாஸ் செய்து காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் ஏன் வந்தது, மறுபடி வருமா, இனி எப்படி வாழ்வது என்ற கேள்விகளுக்கு ‘இது அரிதான நோய்’ என்பதைத் தாண்டி உருப்படியான பதில் இல்லை. அரிதான நோய் வந்தவர் என்ன செய்வார்? தன்னைப் போல இன்னொருவர் இருக்கிறாரா என்று தேடுவார். விமன்ஹார்ட்டின் இணையக் குழுவில் அவர் தேடினார். ஒருவர் கிடைத்தார், அப்புறம் இன்னொருவர். 2009இல் 40 வயதில் இதே நோய் வந்த லாரா ஹேவுட்-கோரியும் அந்தக் குழுவில் வந்து சேர்ந்தார். ஒரு இதயநோய் மருத்துவர் தன் பணிக்காலம் முழுவதும் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே பார்ப்பார் என்று சொல்லப்பட்ட நோய், ஒரு இணையக் குழுவில் வரிசையாக வந்து உட்கார்ந்திருந்தது.

நோயின் பெயர் ‘ஸ்பான்டேனியஸ் கரோனரி ஆர்ட்டரி டிசெக்‌ஷன்’. டாக்டர்கள் சுருக்கமாக ‘ஸ்கேட்’ என்பார்கள். தமிழில் சொன்னால், இதயத் தமனியின் சுவர் தானாகப் பிளவுபடுவது. அந்தத் ‘தானாக’வுக்கு இங்கே தனி அர்த்தம் உண்டு. அடிபட்டு வந்ததல்ல, ஆஞ்சியோ குழாய் உரசி வந்ததல்ல, கொழுப்புப் படிவு உடைந்து வந்ததும் அல்ல என்று பொருள். காரணமே இல்லை என்று பொருளல்ல. காரணம் பிடிபடவில்லை என்பதை மருத்துவம் நாசூக்காகச் சொல்லும் விதம் அது.

உப்பும் ஓதமும்

மாரடைப்பு என்றதும் நம் மனதில் வரும் படம் ஒன்றுதான். போர்வெல் தண்ணீர் ஓடும் குழாயில் உப்புப் படிவது மாதிரி ரத்தக் குழாயில் கொழுப்பு படிகிறது. ஒருநாள் அந்தப் படிவு உடைகிறது, அதன்மேல் ரத்தம் உறைகிறது, குழாய் அடைபடுகிறது. சர்க்கரை, பிரஷர், புகை, கொலஸ்ட்ரால், ஐம்பது தாண்டிய ஆண் என்று நாம் போடும் கணக்கெல்லாம் இந்தப் படத்தை வைத்துத்தான்.

ஸ்கேட்டில் குழாயில் உப்பே இல்லை. பெரும்பாலும் உட்புறம் சுத்தமாகத்தான் இருக்கும். பிரச்சினை சுவரில். வீட்டுச் சுவரில் ஓதம் ஏறினால் பூச்சு உப்பி அறைக்குள் தள்ளிக்கொண்டு நிற்குமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். இதயத் தமனி சில மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. அதன் சுவரில் மூன்று அடுக்குகள். அந்த அடுக்குகளுக்கு நடுவே ரத்தம் புகுந்து கட்டிக்கொள்கிறது. கட்டிய ரத்தம் உள்சுவரை உள்நோக்கித் தள்ள, ரத்தம் ஓடும் வழி நசுங்குகிறது. அதற்கப்பால் உள்ள இதயத் தசைக்கு ரத்தம் போவதில்லை. முடிவு மாரடைப்புதான். நெஞ்சுவலி, இடது கை வலி, வியர்வை, குமட்டல் எல்லாம் அதே. இசிஜி மாறுவதும், இதயத் தசை சேதமானதைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தத்தில் ஏறுவதும் அதே. வெளியிலிருந்து பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது.

சுவருக்குள் ரத்தம் எப்படிப் போனது? இதில் இரண்டு கட்சி. உள்சுவரில் முதலில் ஒரு கீறல் விழுகிறது, ஓடுகிற ரத்தம் அதன் வழியே உள்ளே நுழைகிறது என்பது ஒரு கட்சி. சுவருக்கே ரத்தம் கொடுக்கும் மிக நுண்ணிய குழாய்கள் சுவருக்குள் உண்டு. அவற்றில் ஒன்று கசிந்து உள்ளுக்குள்ளேயே ரத்தம் கட்டுகிறது என்பது இன்னொன்று. இங்கிலாந்தில் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஆட்லம் குழு, தமனிக்குள் ஒளி பாய்ச்சி எடுக்கும் ஓசிடி படங்களை வைத்து இதை ஆராய்ந்தது. பல நோயாளிகளுக்குக் கீறலே இல்லை. கீறல் இல்லாதவர்களிடம்தான் கட்டிய ரத்தத்தின் அழுத்தம் அதிகமாகத் தெரிந்தது. அப்படியானால் கீறல் பல சமயம் தொடக்கமல்ல. உள்ளே கட்டிய ரத்தம் அழுத்தம் தாங்காமல் உட்புறமாக உடைத்துக்கொண்டு வந்த இடம். எனக்கு இந்த இரண்டாவது கட்சிதான் பொருத்தமாகப் படுகிறது. சிகிச்சையில் நடப்பவையும் இதோடுதான் ஒத்துப்போகின்றன. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஏன் யாருக்கும் தெரியவில்லை

இந்த நோயை முதலில் எழுதி வைத்தவர் ஹெரால்ட் பிரிட்டி. 1931இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த சிறு குறிப்பு அது. திடீரென்று இறந்துபோன 42 வயதுப் பெண் ஒருவரின் பிணப்பரிசோதனையில் பிளவுபட்ட இதயத் தமனியைப் பார்த்து எழுதினார். அதன்பின் பல பத்தாண்டுகளுக்கு இந்த நோய் பிணவறையில்தான் அடையாளம் தெரிந்தது. பிழைத்தவர்களுக்கு இது வந்ததென்று யாருக்கும் தெரிய வழியில்லாததால், வந்தால் மரணம்தான் என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது.

ஆஞ்சியோகிராம் பரவலான பிறகாவது நிலைமை மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. இதற்கு ஆஞ்சியோவின் இயல்பே ஒரு காரணம். திரையில் கறுப்பாக வளைந்து வளைந்து தெரிவது ரத்தக் குழாய் என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் அது குழாயே அல்ல; குழாய்க்குள் செலுத்திய மை ஓடும் தடம். சுவர் அந்தப் படத்தில் இல்லவே இல்லை. சுவருக்குள் வரும் நோயை, சுவரைக் காட்டாத படத்தில் தேடுகிறோம்.

பாடப்புத்தகத்தில் ஸ்கேட் என்றால் ஒரே படம்: உள்சுவர் கிழிந்து, மை இரண்டு தடமாக ஓடி, ஒரு தடத்தில் மை வடியாமல் தேங்கி நிற்கும். பார்த்தாலே தெரிந்துவிடும். அந்தப் படம் வந்தால் ஸ்கேட், வராவிட்டால் இல்லை. கனடாவின் வான்கூவரில் இதயநோய் மருத்துவர் ஜாக்குலின் சா 2014இல் இதை மூன்று வகையாகப் பிரித்துக் காட்டினார். பாடப்புத்தகப் படம் முதல் வகை. கொழுப்பு அடைப்பு மாதிரியே ஏமாற்றும் குட்டையான சுருக்கம் மூன்றாவது வகை. இரண்டாவது வகைதான் விஷயமே. ஸ்கேட் நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் இதில்தான் வருகிறார்கள்.

அது திரையில் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். இதயத்தின் முன்பக்கம் இறங்கும் இடது தமனி. ஸ்கேட் அதிகம் வருவது அதில்தான், அதுவும் பாதிக்குக் கீழே. மேலே நல்ல தடிமனாக வருகிறது. ஒரு கிளை பிரியும் இடம். அதைத் தாண்டியதும் தமனி சட்டென்று மெலிகிறது. கரடுமுரடு இல்லை, கிழிசல் இல்லை, மழமழவென்று ஒரே சீராக, இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒல்லியாகப் போகிறது. சிலருக்குக் கீழே மறுபடி பழைய அளவுக்கு வந்துவிடும். சிலருக்கு எலிவால் மாதிரி நுனிவரை மெலிந்தே முடியும். தெரியாத கண்ணுக்கு, ‘இந்த அம்மாவுக்குத் தமனியே சின்னது’ என்று தோன்றும். ஆஞ்சியோ நார்மல் என்று எழுதி அனுப்பிவிடலாம். இல்லாவிட்டால் ‘தமனி இறுக்கம்’ என்று எழுதலாம். தமனியை விரிக்கும் நைட்ரோகிளிசரின் மருந்து கொடுத்துப் பார்த்தும் அந்த மெலிவு விரியாவிட்டால் இறுக்கம் அல்ல என்று தெரியும். பார்ப்பவர் மனதில் ஸ்கேட் என்ற பெயர் இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும்.

ஓசிடி, உள்தமனி அல்ட்ராசவுண்ட் போன்றவற்றால் சுவரைப் பார்க்கலாம், சந்தேகம் தீரும். ஆனால் ஏற்கெனவே உரியத் தயாராக நிற்கும் சுவருக்குள் கம்பியும் குழாயும் விடுவதில் ஆபத்து இருக்கிறது. படத்திலேயே தெளிவாகத் தெரிந்தால் அதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பன்னிரண்டு பேர்

லியோனின் கோரிக்கைக்குத் திரும்புவோம். ஹேஸ் அதைத் தட்டிக்கழிக்கவில்லை. ஒரு சிறு முன்னோட்ட ஆய்வுக்கு மேயோவின் நெறிமுறைக் குழு அனுமதி தந்தது: 12 நோயாளிகள். மற்ற ஆய்வுகளில் ஆள் பிடிப்பதே பெரும்பாடு. இங்கே இணையக் குழுவில் செய்தி போட்ட சில நாட்களிலேயே தேவைக்கு மேல் ஆட்கள் வந்துவிட்டார்கள். யாரும் ராச்செஸ்டருக்கு வர வேண்டியதில்லை. அவரவர் சிகிச்சை பெற்ற மருத்துவமனையின் ஆவணங்களும் ஆஞ்சியோ படங்களும் மேயோவுக்கு வந்து சேர்ந்தன. அங்கே உட்கார்ந்து ஒவ்வொரு படத்தையும் புதிதாகப் பார்த்தார்கள்.

2011இல் அந்த ஆய்வு மேயோவின் சஞ்சிகையில் வந்தது. நோயாளிகளின் இணையக் குழு தொடங்கி வைத்த ஆய்வு என்று தலைப்பிலேயே போட்டார்கள். 12 பேரை வைத்து மருத்துவ முடிவு எதுவும் எடுக்க முடியாது. ஆய்வாளர்களும் அப்படிச் சொல்லவில்லை. இப்படி ஓர் ஆய்வு செய்ய முடியும், நோயாளிகள் இருக்கிறார்கள் என்று காட்டியதுதான் சாதனை. அதன்பின் மேயோவில் நிரந்தரப் பதிவேடு தொடங்கியது. லியோன் 2013இல் ‘ஸ்கேட் அலையன்ஸ்’ என்ற அமைப்பை நிறுவினார். அதுவும் தனியாக ஒரு பதிவேடு நடத்துகிறது. லெஸ்டர் ஆய்வுக்கும் நோயாளிகள் கொடுத்த நெருக்கடிதான் தொடக்கம். 2018இல் அமெரிக்க இதயச் சங்கமும் ஐரோப்பிய இதயவியல் சங்கமும் ஒரே ஆண்டில் ஸ்கேட்டுக்கென்று விரிவான வழிகாட்டுக் கட்டுரைகளை வெளியிட்டன. முதல் கட்டுரைக் குழுவுக்குத் தலைமை ஹேஸ், இரண்டாவதற்கு ஆட்லம்.

இன்றைய கணக்கு என்ன? 50 வயதுக்குட்பட்ட பெண்களின் மாரடைப்புகளில் கால்வாசி முதல் மூன்றில் ஒரு பங்குவரை ஸ்கேட்டாக இருக்கலாம் என்கின்றன பல ஆய்வுகள். கர்ப்ப காலத்திலும் பிரசவத்தை ஒட்டியும் வரும் மாரடைப்புக்கு முதல் காரணம் இதுதான். ‘அரிது’ என்ற சொல்லை இனி யோசித்துத்தான் பயன்படுத்த வேண்டும்.

கை வைக்காமல் இருப்பது

சிகிச்சைதான் இந்த நோயின் பெரிய திருப்பம். கொழுப்பு அடைப்பால் வரும் மாரடைப்பில் நேரம்தான் உயிர். எவ்வளவு சீக்கிரம் பலூன் விட்டு விரித்து ஸ்டென்ட் வைக்கிறோமோ அவ்வளவு தசை பிழைக்கும். ஆஞ்சியோவும் ஸ்டென்ட்டும் செய்யும் கேத் லேபில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் இது கை பழகிய வேலை. ஸ்கேட்டில் அந்தப் பழக்கம்தான் எதிரி.

முதல் சிக்கல் கம்பி. பலூனுக்கு வழிகாட்டும் மெல்லிய கம்பி, நசுங்கிக் கிடக்கும் உண்மையான வழியில் போகாமல் சுவருக்குள் கட்டிய ரத்தத்துக்குள் நுழைந்துவிடலாம். பிளவு இன்னும் நீளும். கம்பி சரியான வழியில் போனாலும் அடுத்த சிக்கல் காத்திருக்கிறது. எண்ணெய்ப் பாக்கெட்டை நடுவில் அழுத்தினால் இருபக்கமும் பிதுங்குவது போல, பலூன் அழுத்த அழுத்த சுவருக்குள் இருக்கும் ரத்தம் மேலும் கீழும் நகரும். ஒரு ஸ்டென்ட் வைத்தால் அதன் விளிம்பில் புதிதாக ஒரு நசுங்கல். அதற்கு இன்னொரு ஸ்டென்ட், அப்புறம் இன்னொன்று. இதற்கும் மேல், கட்டிய ரத்தம் சில வாரங்களில் கரைந்து தமனி பழைய அகலத்துக்குத் திரும்பியதும், நசுங்கிய அளவுக்கு வைத்த ஸ்டென்ட் சுவரில் ஒட்டாமல் தொளதொளவென்று நிற்கும்.

மேயோவின் மரிஷா ட்வீட் குழு 2014இல் வெளியிட்ட 189 நோயாளிகளின் கணக்கு இதை எண்ணில் காட்டியது. ரத்த ஓட்டம் நன்றாக இருந்தவர்களிலும்கூட, பலூன்-ஸ்டென்ட் முயற்சிகளில் பாதி தோல்வி. கை வைக்காமல் மருந்தோடு விட்டவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் மருத்துவமனையில் சிக்கலில்லாமல் தேறினார்கள். மீதி 10 சதவீதத்தினருக்கு முதல் சில நாட்களில் பிளவு முற்றியது. வான்கூவர் குழு பின்னால் பார்த்ததில், 30 நாட்களுக்குப் பிறகு எடுத்த மறு ஆஞ்சியோக்களில் 95 சதவீதம் தமனிகள் தாமாகவே ஆறியிருந்தன. சுவருக்குள் கட்டிய ரத்தம் கரைந்துவிட்டால் சுவர் மறுபடி ஒட்டிக்கொள்கிறது. சுவருக்குள் கசிந்துதான் தொடங்குகிறது என்று நான் சாய்ந்த கட்சிக்கு இது ஒத்துவரும் சாட்சி.

ஆக, நோயாளி நிலையாக இருந்தால், ரத்தம் ஓடிக்கொண்டிருந்தால், வலி அடங்கிவிட்டால், தமனியைத் தொடாமல் விடுவதுதான் இன்றைய நடைமுறை. விடுவது என்றால் வீட்டுக்கு அனுப்புவது அல்ல. பிளவு முற்றிப்போகும் ஆபத்து முதல் ஒரு வாரத்தில்தான் அதிகம். அதனால் குறைந்தது மூன்று முதல் ஐந்து நாட்களாவது மானிட்டரோடு உள்ளே வைத்துப் பார்க்கிறார்கள். இடது பிரதான தமனியிலேயே பிளவு, வலி அடங்காமல் தொடர்வது, ரத்த அழுத்தம் சரிவது, ஆபத்தான துடிப்புக் கோளாறு இவற்றில் ஒன்று இருந்தால் கை வைத்தே ஆக வேண்டும். அப்போது ஸ்டென்ட்டோ பைபாஸோ, ஆபத்தைத் தெரிந்துகொண்டே செய்கிறார்கள். ஆஞ்சியோ முடிந்து கருவியைக் கையில் பிடித்தபடி, திறக்கக்கூடிய அடைப்பு திரையில் தெரிய, ‘போதும், வெளியே எடுங்கள்’ என்று சொல்வதற்குத் தனித் துணிவு வேண்டும். வெளியே நிற்கும் கணவரிடம் ‘அடைப்பு இருக்கிறது, ஆனால் ஒன்றும் செய்யவில்லை’ என்று சொல்வதற்கு அதைவிட.

மருந்திலும் பழக்கம் இடறுகிறது. ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஹெப்பரினை, ஸ்கேட் என்று உறுதியானதும் நிறுத்திவிடுகிறார்கள். சுவருக்குள் கசிவு கூடக்கூடாது. ஆஸ்பிரின் பெரும்பாலும் தொடர்கிறது. கூடவே க்ளோபிடோக்ரெல் என்ற இன்னொரு உறைவுத் தடுப்பு மாத்திரை வேண்டுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஸ்டென்ட் வைக்காதவர்களிடம் இரண்டு மாத்திரையும் சேர்த்துக் கொடுத்ததில் பாதகமே கூடியது என்று இத்தாலியிலிருந்து வந்த டிஸ்கோ பதிவேடு காட்டியதிலிருந்து அந்த ஆர்வம் குறைந்திருக்கிறது. கொலஸ்ட்ரால் மாத்திரை, கொலஸ்ட்ராலே காரணமில்லாத நோய்க்கு வழக்கமாகத் தேவையில்லை. வேறு காரணத்துக்காகத் தேவைப்பட்டால் சரி.

உறைந்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி பற்றிச் சொல்லாமல் போக முடியாது, ஏனென்றால் இது நம் ஊருக்கு நேராக வந்து முட்டும் விஷயம். ஸ்கேட்டில் அந்த ஊசி கெடுதல் செய்யலாம். ஆனால் தமிழ்நாட்டில் கேத் லேப் இல்லாத ஊர்களில் மாரடைப்புக்கு முதல் சிகிச்சை அந்த ஊசிதான். அது ஏராளமான உயிர்களைக் காக்கிறது. ஆஞ்சியோ இல்லாமல் இது ஸ்கேட்டா என்று சொல்ல வழியில்லை. அதனால் ‘எனக்கு ஸ்கேட்டாக இருந்தால்?’ என்று பயந்து ஊசியை மறுப்பது தவறு. ஊசி போட்ட பிறகு தாமதிக்காமல் ஆஞ்சியோ வசதியுள்ள இடத்துக்குப் போவதும், வந்திருப்பவர் 40 வயதுப் பெண், சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை என்றால் படம் பார்ப்பவர் மனதில் ஸ்கேட் என்ற பெயர் இருப்பதும்தான் வேண்டும். அதற்கும் முன்னால் ஒரு படி இருக்கிறது. 40 வயதுப் பெண் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் ‘வாயுப் பிடிப்பு, சுக்குக் கஷாயம் குடி’ என்று சொல்லாமல் ஒரு இசிஜி எடுக்க வைப்பது. முதல் இசிஜி சரியாக இருந்தும் வலி நீடித்தால், ட்ரோபோனின் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பக்கூடாது.

யாருக்கு, எதனால்

கனடாவின் ஆய்வு இதுவரை வந்தவற்றில் பெரியவற்றில் ஒன்று. 22 மையங்கள், 750 நோயாளிகள், 2019இல் முடிவு வெளியானது. 88.5 சதவீதம் பெண்கள். சராசரி வயது 52க்குச் சற்றுக் குறைவு. பாதிப்பேருக்கு மாரடைப்புக்கு முன் கடுமையான மன உளைச்சல் இருந்தது. சுமார் 29 சதவீதத்தினருக்கு உடலை வருத்திய வேலை: கனம் தூக்கியது, கடும் உடற்பயிற்சி போன்றவை. பிரிட்டி எழுதிய அந்த 1931 பெண்ணும் விடாமல் குமட்டி வாந்தி எடுத்த பின்தான் இறந்தார். மூச்சை அடக்கி முக்கும் எதுவும் தமனிச் சுவரில் அழுத்தத்தை ஏற்றுகிறது.

மன உளைச்சல் விஷயத்தில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. எண் சரிதான். ஆனால் அது வீட்டுக்குள் போனதும் ‘எல்லாத்தையும் மனசுல போட்டுக் குழப்பிக்கிறா, அதான்’ என்று ஆகிவிடும். நோய் வந்தவர் தலையிலேயே பழியும் ஏறும். உளைச்சல் உலகில் எல்லோருக்கும் இருக்கிறது. தமனி பிளவுபடுவது சிலருக்குத்தான். அந்தச் சிலரின் சுவரில் முன்பே ஏதோ பலவீனம் இருக்க வேண்டும்.

அது என்ன என்பதற்கு நல்ல தடயம் இதயத்துக்கு வெளியே கிடைத்தது. ‘ஃபைப்ரோமஸ்குலர் டிஸ்பிளேசியா’ என்று ஒரு நிலை. தமனிச் சுவரின் தசையும் நாரும் ஒழுங்கற்று வளர்ந்து, படத்தில் தமனி பாசிமணி கோத்த மாதிரி முடிச்சு முடிச்சாகத் தெரியும். சிறுநீரகத்துக்கும் மூளைக்கும் போகும் தமனிகளில் இது வருவது முன்பே தெரியும். வான்கூவரில் 2013இல் 50 ஸ்கேட் நோயாளிகளைத் தேடிப் பரிசோதித்ததில் 86 சதவீதத்தினரிடம் இது இருந்தது. எல்லா ஆய்விலும் இவ்வளவு வருவதில்லை; 750 பேர் கொண்ட கனடா ஆய்வில் ஏறக்குறைய 31 சதவீதம், ஆனால் அங்கே எல்லோரும் முழுமையாகப் பரிசோதிக்கப்படவில்லை. தேடினால் கிடைக்கிறது, தேடாவிட்டால் இல்லை என்ற அதே கதை. அதனால்தான் இப்போது ஸ்கேட் வந்த ஒவ்வொருவருக்கும் தலையிலிருந்து இடுப்பு வரை தமனிகளை ஒருமுறை ஸ்கேன் செய்து பார்க்கச் சொல்கிறார்கள். மூளைத் தமனியில் வீக்கம் எதுவும் இருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

மரபணுவில் கிடைத்தது இன்னும் விசித்திரம். ஆறாவது குரோமோசோமில் ‘ஃபாக்டர் ஒன்’ என்ற மரபணுவை ஒட்டி ஒரு புள்ளி. அங்கே மரபணுக் குறியீட்டின் ஒரு குறிப்பிட்ட எழுத்து இருந்தால் கொழுப்பு அடைப்பு வரும் வாய்ப்பு கூடுகிறது என்பது முன்பே தெரிந்த செய்தி. 2019இல் ஆட்லம் குழு கண்டது: அதே புள்ளியில் மற்ற எழுத்து இருந்தால் ஸ்கேட் வரும் வாய்ப்பு கூடுகிறது. அதே எழுத்துதான் ஒற்றைத் தலைவலியோடும் பாசிமணித் தமனியோடும் தொடர்புடையது. 2023இல் 1,917 நோயாளிகளையும் 9,292 ஒப்பீட்டு நபர்களையும் வைத்து வந்த பெரிய மரபணு ஆய்வு 16 இடங்களைக் குறித்தது. அவற்றில் பலவும் கொழுப்பு அடைப்பு மாரடைப்புக்கு நேரெதிர்த் திசையில் வேலை செய்கின்றன. பெயர் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் வேறு நோய்கள் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி இல்லை. ஒன்றைத் தடுக்கும் கூறே இன்னொன்றுக்கு வழிவிடுகிறது.

பிழைத்த பிறகு

கேட்கப்படும் முதல் கேள்வி: திரும்ப வருமா? வரலாம். மேயோ 2012இல் 87 நோயாளிகளை வைத்துப் போட்ட கணக்கில், பத்தாண்டுக்குள் திரும்ப வரும் வாய்ப்பு ஏறக்குறைய 29 சதவீதம். பெரும்பாலும் ஆறிய பழைய இடத்தில் வருவதில்லை; வேறொரு தமனியிலோ, அதே தமனியின் வேறு இடத்திலோ. முன்பு வைத்த ஸ்டென்ட் இதைத் தடுக்காது என்பதற்கும் இதுவே காரணம். வான்கூவரில் 327 பேரைத் தொடர்ந்து பார்த்ததில், இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுத்தவர்களுக்குத் திரும்ப வருவது வெகுவாகக் குறைந்திருந்தது. ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குக் கூடியிருந்தது. ஆனால் அது வெறும் கவனிப்பு ஆய்வு. மாத்திரை உண்மையிலேயே காக்கிறதா என்று குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்துப் பார்க்க, ஸ்பெயினில் ஃபெர்னாண்டோ அல்ஃபோன்சோ தலைமையில் பிஏ-ஸ்கேட் என்ற ஆய்வு தொடங்கப்பட்டது. அரிது என்று ஒதுக்கிய நோய்க்குக் குலுக்கல் ஆய்வு நடத்தும் அளவுக்கு ஆட்கள் கிடைக்கிறார்கள் என்பதே பத்தாண்டுகளுக்கு முன் நம்ப முடியாத செய்தி.

அன்றாடத்தில் பல கட்டுப்பாடுகள். மூச்சை அடக்கிக் கனம் தூக்கக்கூடாது; தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர் எல்லாம் இதில் சேரும். ஆனால் நடை நல்லது, மிதமான பயிற்சி நல்லது. பயந்து படுத்தே கிடப்பதுதான் கெடுதல். வான்கூவரில் ஸ்கேட் நோயாளிகளுக்கென்றே தனி மறுவாழ்வுப் பயிற்சி நடத்தியதில் நெஞ்சுவலி குறைந்தது. ஆம், தமனி ஆறிய பிறகும் பலருக்கு மாதக்கணக்கில் நெஞ்சுவலி விட்டுவிட்டு வரும். ஒவ்வொரு வலிக்கும் ‘மறுபடி வந்துவிட்டதா’ என்ற பயம். இந்தப் பயத்தையும் நோயின் பாகமாகவே எடுத்துக்கொண்டு பேச வேண்டும். அரைமணி நேரம் ஒதுக்கி மருத்துவர் பேசினால் பாதி இறங்கும். ஹார்மோன் மாத்திரைகளைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். அடுத்த கர்ப்பம் பற்றிய முடிவு மிகக் கடினமானது. பொதுவாக வேண்டாம் என்றே அறிவுரை. பிள்ளை வேண்டுமென்று விரும்புபவரிடம் இதயநோய் மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் அது.

பைபாஸ் பற்றி ஒன்று மிச்சமிருக்கிறது. லியோனுக்கு 2003இல் செய்தது பைபாஸ். அந்த நேரத்தில், அந்த நிலையில் அது உயிர்காக்கும் முடிவு. இன்றும் சிலருக்கு அதுதான் வழி. ட்வீட்டின் 2014 ஆய்வில், இப்படி அவசரத்தில் பைபாஸ் செய்துகொண்டவர்களை வருடங்கள் கழித்து மறுபடி படமெடுத்துப் பார்த்தார்கள். ஒட்டவைத்த 16 குழாய்களில் 11 மூடிப்போயிருந்தன. அறுவை சிகிச்சையில் தவறில்லை. அசல் தமனி தானே ஆறி ரத்தம் மறுபடி அதன் வழியே ஓடத் தொடங்கியதும், மாற்றுவழியில் ஓட ரத்தம் இல்லை.